முக்கால் சுற்று

மாங்குளம் சந்தியிலிருந்து வவுனியாப் பக்கம் நாலாவது கடை.
காலை ஆறு மணி கழிந்து கொஞ்சம்.
டிலக்சன் அரைக் கதவைத் திறந்து
வாயில் பற்பசை நுரையோடு கேட்கிறான்:
"என்ன கார் அக்கா?"

கஷ்டமான கேள்வி.
புத்தகத்தில் ஒரு எஞ்சின் நம்பர்,
பொனற்றைத் திறந்தால் வேறொன்று.
எனக்கு விற்றவருக்கு அது தெரியாது.
அவருக்கு விற்றவரின் கையெழுத்து இருக்கிறது.
அவரை விசாரிக்க ஆள் இல்லை.

ஆகவே நான் காரின் பெயரைச் சொல்வதில்லை.
முந்தி கழற்றிய ஒயில் பில்டரை
சொப்பிங் பையிலிருந்து எடுத்து மேசையில் வைக்கிறேன்.
மீன்ரின் அளவு. எழுத்தையெல்லாம் எண்ணெய் தின்றுவிட்டது.
"இதை ஏன் எறியேல்லை?"
"உன்ர கடையை நம்பி எறியேலுமே?"

இப்போது பூட்டியிருப்பது கிளிநொச்சியில் ஒருவர் தந்தது.
எல்லாத்துக்கும் சரிவரும் என்றார்.
சரிவந்தது.
புரி ஏறியது, ஒரு துளி கசியவில்லை.
ஆனால் விடிய விடிய
சாவியைத் திருப்பியதும் மூன்று வினாடி
சிவப்பு விளக்கு அணையாது.
அந்த மூன்று வினாடியும் எஞ்சினுக்குள் யாரோ
பேணியில் கல்லைப் போட்டுக் குலுக்குகிறார்கள்.
இரவெல்லாம் எண்ணெய் கீழே இறங்கிவிடுகிறது.
மறிக்கவேண்டிய றப்பர் நாக்கு
அதற்குள் இல்லை.

பொருந்துவது வேறு, சரியானது வேறு.
இதை என் முதல் கலியாணத்திலேயே
படித்திருக்கவேண்டும்.

டிலக்சன் மூன்று பெட்டி எடுத்து வைக்கிறான்.
பழையதையும் முதலாவதையும் வாயோடு வாய் வைக்கிறேன்.
வளையம் ஒரு நூல் பெரிது.

இரண்டாவதில் வளையம் சரி.
பழைய இரும்புக்காரரிடம் வாங்கிய புரித்துண்டை
அதற்குள் திருகுகிறேன்.
ஒன்றரைச் சுற்றில் இறுகி நிற்கிறது.
"இன்னும் கொஞ்சம் அமத்தினால் போகும் அக்கா."
அப்படிப் போவது திரும்பி வராது.

மூன்றாவதில் புரி சுகமாய் ஏறுகிறது.
ஓரத்துத் துளைக்குள் தீக்குச்சியை விட்டு அமத்துகிறேன்.
றப்பர் நாக்கு மடிகிறது,
விட்டதும் திரும்பி வந்து மூடுகிறது.
இன்னொரு தரம்.
இன்னொரு தரம், சும்மா.
விலை இரண்டாயிரத்து எண்ணூறு.

பின்சீற்றில் பிறேமலோசினி ரீச்சர்
கண்ணாடியை இறக்கினா.
"அது அடைச்சால் என்ன நடக்கும்?"
"பக்கத்தாலை ஒரு வழி திறக்கும். வடியாத எண்ணெய் நேரே போகும்."
"ஊத்தையோடயா?"
"ஒண்டும் போகாததுக்கு ஊத்தை பரவாயில்லை."
"எங்கடை கிணத்துக்கும் அதுதான் சட்டம்," என்றா.
பிறகு வகுப்பில் போலவே விரலை உயர்த்தி:
"சிறுநீரகம் எண்டு நீ வாயெடுத்தால்
நான் இறங்கி பஸ்ஸிலை போவன்."

நான் வாயெடுக்கவில்லை.
செவ்வாயும் வெள்ளியும் எட்டு மணிக்கு அவவுக்கு மெஷின்.
மல்லாவியிலிருந்து வவுனியா மட்டும்
நாங்கள் பேசாத பேச்சு அது ஒன்றுதான்.

அவ உள்ளே நாலு மணித்தியாலம்.
நான் ஆஸ்பத்திரி மதிலுக்கு வெளியே, காருக்குக் கீழே.
வெட்டிய தண்ணீர்க் கானுக்குள்
கறுப்பு நூலாக எண்ணெய் இறங்குகிறது.
புது வளையத்தில் விரலால் எண்ணெய் தடவி
கையால் மட்டும் திருகுகிறேன்.
றப்பர் தொட்ட இடத்திலிருந்து
முக்கால் சுற்று.
அதற்குமேல் கைக்கு ஒரு ஆசை வரும்,
இன்னும் இறுக்கு, இன்னும் இறுக்கு என்று.
கையை எடுத்துவிட்டேன்.

பன்னிரண்டரைக்கு ரீச்சர் வந்தா,
கையில் பஞ்சும் பிளாஸ்ரரும்,
முகத்தில் யாரோ கழுவிவிட்ட வெளிறல்.
"சரிவந்ததோ?"
"இப்ப தெரியாது. ஒரு இரவு நிண்டு
விடிய ஸ்ரார்ட் பண்ணத்தான் தெரியும்."
"எனக்கும் அப்பிடித்தான்," என்றா,
சொல்லிவிட்டு
தானே வாயைப் பொத்திக்கொண்டா.

பஸ் ஒன்று வந்தது.
நின்றது.
போனது.