நாலொன்பது

ஒஷாவாவில் எங்கள் கட்டடத்து உலர்த்தி
பெப்ரவரி பார்த்துத்தான் பழுதாகும்.
ஆகவே ஞாயிறு மாலை, கூடை, பை, பிள்ளை,
சிம்கோ தெருச் சலவைக்கடை.

ஒரு குவாட்டருக்கு ஆறு நிமிடம் சுற்றும்.
ஆரபிக்கு ஆறாம் வாய்ப்பாடு அப்படித்தான் வந்தது:
ஏழு காசு போட்டால் நாற்பத்திரண்டு,
எட்டுப் போட்டால் ஜீன்ஸின் இடுப்புப் பட்டியும் காயும்.
ஒன்பதுதான் வழிக்கு வருவதில்லை.
வெள்ளிக்கிழமை சோதனை.
போன கிழமைத் தாளை நாலாய் மடித்து
சோப்புத்தூள் பெட்டிக்கு அடியில் ஒளித்திருந்தாள்.

எனக்குத் தெரிந்த ஒரே வழியில் தொடங்கினேன்.
ஓரொன்பது ஒன்பது,
ஈரொன்பது பதினெட்டு,
மூவொன்பது...
"பொறுங்கோ அப்பா. ஈரம் எண்டா காயாததெல்லோ?"
"இது ஈர். இரண்டு."
"அப்ப இரண்டு எண்டு சொல்லலாமே?"
ஒன்பதுக்கு முன்னால் நின்றால்
இரண்டு அப்படிக் குறுகும் என்றேன்.
"சரி, எண்பதுக்குப் பிறகு ஏன் தொண்ணூறு?
அதுக்குள்ள நூறு எங்கயிருந்து வந்தது?"
தெரியாது.
நாற்பத்தொரு வயதில் முதன்முறை
அந்தச் சொல்லைத் திரும்பிப் பார்த்தேன்:
நூறுக்கு ஆசைப்பட்டு வாசலிலேயே நின்றுவிட்ட எண்.

"இமானி ஒரு வழி காட்டினவள். கையைத் தாங்கோ."
"உன்ர கையில செய்யன்."
"என்ர கையில பென்சில் இருக்கு."

உள்ளங்கை இரண்டையும் முகத்துக்கு நேரே விரித்தேன்.
இடப் பெருவிரலை மடக்கி மிச்சத்தை எண்ணினாள். எட்டு.
மறுபடி எண்ணினாள். எட்டு.
நெற்றி சுருங்கியது. இமானிக்குப் பிழைத்துவிட்டதா?

பிழை என் பக்கம்.
அட்டைப்பெட்டி ஆலை, இரவுமுறை, மூன்றேகால் மணி,
அழுத்தும் பொறி, இடது மோதிரவிரல்.
அவள் பிறக்க முந்திய கதை;
அவளுக்கு என் கை எப்போதும் இந்தக் கைதான்.
பிறகு ஓர் அலுவலகத்தில் ஒரு பெண்
விரலை எதனாலோ பெருக்கி
வந்த தொகையைத் தாளில் திருப்பிக் காட்டினாள்.
சரிபார்க்க என்னிடம் அந்த வாய்ப்பாடு இல்லை.
கையெழுத்துப் போட்டேன், வலக்கையால்.

ஆரபி மூன்றாம் தரம் எண்ணினாள்.
இடைவெளிக்கு வந்ததும் நின்று,
விரல் இருந்திருக்கக்கூடிய உயரத்தில்
காற்றை ஒரு தட்டுத் தட்டினாள்.
"ஒன்பது."
வெறும் இடம் கூசியது.

சுட்டுவிரல் மடிந்தது: ஒன்றும் எட்டும், பதினெட்டு.
நடுவிரல்: இரண்டும் ஏழும், இருபத்தேழு.
ஒவ்வொரு தரமும் காற்றுக்கு ஒரு தட்டு.
நாலாவதற்கு வந்தாள்.
மடக்க ஒன்றுமில்லை.

யாருடையதோ உலர்த்திக்குள் ஒரு சப்பாத்து
தடார், தடார் என்று விழுந்துகொண்டிருந்தது.

"இது தானா மடிஞ்சு நிக்குது."
இந்தப் பக்கம் மூன்று. அந்தப் பக்கம் ஆறு.
"முப்பத்தாறு. உங்கட கை
சும்மா இருக்கேக்கையும் முப்பத்தாறு அப்பா."
எழுதினாள். அவ்வளவுதான்.
எனக்குத்தான் கண்ணாடிக்கதவைப் பார்க்க வேண்டியிருந்தது.
அதற்குள் ஐந்தாவதற்குப் போக
என் சின்னவிரலைப் பிடித்து இழுத்தாள்.

காசு முடிந்து பொறி நின்றது.
காலுறை பதினொன்று. பன்னிரண்டாவதைத் தேடவில்லை.
என் கையுறையின் நாலாவது அறை
போட்டபிறகும் காலியாகத்தான் ஆடும்.
அதைப் பிடித்துக்கொண்டு கார் வரை வந்தாள்,
உறைந்த பனியில் காலைத் தேய்த்துத் தேய்த்து.

எதிர் வங்கிப் பலகையில் சிவப்பாய்க் குளிர் எரிந்தது:
ஒரு கோடு, ஒரு பதினெட்டு.
"மைனஸ் ஈரொன்பது" என்றாள், பல் கிட்டித்து.
"கெதியாக் கதவைத் திறவுங்கோ."