இறக்கத்தில் ஒரு டஜன்

அடிவாரச் சோதனைச் சாவடியில்
கொட்டாவியோடு எங்கள் பெயரை எழுதிக்கொள்கிறார்கள்.
மணி நாலே முக்கால்.
தாவூத் என் கியரைத் தட்டிப் பார்க்கிறான்.
குகையில் பஞ்சர் கடை வைத்திருப்பவனுக்கு
அடுத்தவர் சங்கிலிச் சத்தமும் தலைவலி.

இருபது கொண்டை ஊசி வளைவுகள்.
எந்தக் கொண்டைக்கு இத்தனை என்று
ஒன்பதாவதில் கேட்டேன்.
பதினொன்றில் கேட்க மூச்சில்லை.

மூச்சு வாங்குகிறது என்கிறோமே,
யாரிடம் வாங்குகிறோம்?
பதினான்காம் வளைவுக் குரங்குகள்
விற்கிற தோரணையில்தான் உட்கார்ந்திருந்தன.
கீழே சேலம்,
செவ்வாய்ப்பேட்டையில் யாரோ கொட்டிவிட்டுப்
பொறுக்க மறந்த கொலுசு முத்துகள்.

மேலே போய்விட்டால் மலை வேறு.
முறைப்பதை விட்டுவிட்டுப்
படுத்துப் புரள்கிறது.
மேடு, சின்னப் பள்ளம், மறுபடி மேடு,
காப்பித் தோட்டம், சில்வர் ஓக்,
அதைக் கட்டிக்கொண்டு ஏறும் மிளகு.
தன் ஊர் மாதிரியே இருக்கிறதென்றுதான்
வெள்ளைக்காரன் இங்கே வீடு கட்டினானாம்.
அவன் ஊரை நான் பார்த்ததில்லை.
அங்கே பாதை நடுவில்
காட்டெருமை நின்று அசைபோடுமா, தெரியாது.
இங்கே நின்றது.
இருபத்தைந்து நிமிடம்
அதன் வெள்ளைக் காலுறைகளையே
பார்த்துக்கொண்டிருந்தோம்.

செல்போனில் ஒரு நீலக்கோடு.
கொட்டச்சேட்டைத் தாண்டி, இடப்பக்கம் சரிந்து,
குப்பனூர் வரை பத்தொன்பது நிமிடம் என்று
எவனோ போட்டு வைத்திருந்தான்.
போன மாதம் நான் பதினெட்டரை.
இன்று பதினேழு என்று
ஜவ்வரிசி ஆலையில் ரசீது அடிக்கும்போதே
முடிவு செய்திருந்தேன்.

போன மாதம் இல்லாத வேலி.
கோடு அதன் ஊடே போகிறது,
பீர்க்கங்கொடியைக் கடந்து, கோழிக்கூண்டைக் கடந்து.
பூங்காவனம் வந்தாள். என் வயதுதான் இருக்கும்.
"இதைத் தூக்கிட்டு ஏறி, இதுலயே இறங்கறீங்களா?"
ஆமாம்.
"கீழ என்ன வேலை?"
ஒன்றுமில்லை என்று சொல்ல
ஏனோ கூச்சமாக இருந்தது.
"நல்லதாப் போச்சு" என்று உள்ளே போனாள்.

தவிட்டில் புதைத்து, துண்டில் சுற்றி,
பன்னிரண்டு நாட்டுக்கோழி முட்டை.
குப்பனூரில் மகள் பிள்ளை பெற்றிருக்கிறாள்.
பஸ் மத்தியானம்தான்.
"உடைச்சுராதீங்க" என்று
என்னிடம் சொல்லவில்லை,
தாவூதைப் பார்த்துச் சொன்னாள்.
அவன் என்னைக் கைகாட்டினான்.

முதுகுப்பையை வயிற்றுப்பக்கம் மாட்டிக்கொண்டேன்.
போன மாதம் பறந்த பாறையில்
இறங்கித் தள்ளினேன்.
வேர் வேராக அனுமதி கேட்டுக் கடந்தேன்.
பிரேக் சூடேறி நாறியது.
எங்கோ கீழிருந்து கத்தினான்,
"உயிரோட இருக்கியா?"
பன்னிரண்டும் இருக்கு, என்றேன்.

இந்தப் பாதையில் இத்தனை இருந்ததா?
மஞ்சள் பூசிய புற்று.
யாரோ காயப்போட்ட பள்ளிச் சீருடை, நீலம்.
பதினெட்டரை நிமிடத்தில் வெறும் சளக்கென்று போன ஓடை,
அதில் ஒரு நண்டு
முன்சக்கரத்துக்கு வழிவிடாமல்
கொடுக்கைத் தூக்கியது.
செல்போன் இரண்டு முறை கேட்டது,
நீங்கள் நகரவில்லை, பதிவை நிறுத்திவிடவா?

தார்ச்சாலை தெரிந்த சந்தோஷத்தில்
கடைசித் திருப்பத்தில் பிரேக்கை விட்டேன்.
அவ்வளவுதான். ஒரு சின்னக் குதி.

நதியா வாசலில் உட்கார்ந்து எண்ணினாள்.
"பதினொண்ணு."
உள்ளே குழந்தை
ஏறுமுகமாக அழுதுகொண்டிருந்தது.
"ஒண்ணுதானக்கா, விடுங்க. டீ போடவா?"

ஒரு மணி ஏழு நிமிடம்.
இதுவரை அந்தக் கோட்டில் இறங்கியவர் பட்டியலில்
எனக்குக் கீழே யாருமில்லை.
தாவூத் அதைக் காட்டிக் காட்டிச் சிரிக்கிறான்,
நான் கையுறையிலிருந்து
மஞ்சள் கருவைச் சுரண்டுகிறேன்.

கிளம்பும்போது நதியா ஓடிவந்தாள்.
தவிட்டை உதறி
நாலாய் மடித்த துண்டு.
"அம்மாவோடது. அடுத்த வாரம் ஏறுவீங்கல்ல?"