கழி

சனிக்கிழமை. காற்றில் உப்பு கொஞ்சம், டீசல் நிறைய.
அல் சீஃபில் தொடங்கி ஷிந்தகா வரை
மணி பார்க்காமல் நடப்பதென்று கிளம்பினேன்.
இதுவரை இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன்.

இங்கே சுவரெல்லாம் புத்தம் புதிய பழசு.
காரை பெயர்ந்த இடத்தைக்கூட
அளந்து பெயர்த்திருக்கிறார்கள்.
அதில் சாய்ந்து ஒரு புதுமண ஜோடி
கரக் டீயை ஆறவிட்டுப்
படமெடுத்துக்கொண்டிருக்கிறது.
தண்ணீர்தான் வேஷம் கட்டவில்லை.
பாசி. மிதக்கும் ஆரஞ்சுத் தோல்.
நைலான் கயிற்று நிழலில் ஊசி ஊசியாய் மீன்குஞ்சு.

எல்லோரும் க்ரீக் என்கிறார்கள். அரபியில் கோர்.
நமக்குக் கழி.
ஆறு மாதிரி வளைகிறது, ஆறில்லை;
கடல்தான், யாரையும் கேட்காமல்
ஊருக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

எனக்குச் சம்பளப் பிரிவில் வேலை.
கழி என்றால் முதலில் நினைவுக்கு வருவது
எக்செல்லில் ஒரு சிவப்புக் கட்டம்:
முன்பணம் கழி,
சம்பளமில்லா விடுப்பு கழி,
தொலைந்த பாதுகாப்புத் தொப்பி, நாற்பது திர்ஹாம், கழி.
இந்த வாரம் பதினொரு பேருக்குக் கடைசிக் கணக்கு முடித்தேன்.
பெயர் வேண்டாம், எண் போதும்.

துணிச் சந்தையில் ஒருவர்
"அக்கா, தமிழா? பஷ்மினா பாருங்க" என்றார்.
பார்த்தேன். பொழுது போகத்தானே வந்தேன்.
சந்து முடிந்த இடத்தில் அப்ரா ஒன்று
ஆள் சேர்த்துக்கொண்டிருந்தது.
ஷிந்தகா எங்கும் போய்விடாது என்று
ஏறிவிட்டேன்.

ஏறிய பிறகுதான் தெரிந்தது, கையில் கார்டு மட்டும்.
பக்கத்திலிருந்தவர்
இரண்டு நாணயத்தை எடுத்துப் போட்டார்.
"இருக்கட்டும்க்கா, ஒரு திர்ஹாம்தான."

தூத்துக்குடிக்காரர். இருதயராஜ்.
சாரம் கட்டுகிற வேலை, பதினாலு வருசம்.
"மேல நின்னு பாத்தா இது ஒரு கம்பி மாதிரி மின்னும்க்கா.
கீழ வந்து பாக்க இன்னிக்குத்தான் ஒழிஞ்சது.
விசா அடிச்சாச்சுல்லா. நாளைக்கு ராத்திரி பிளைட்டு."
கம்பெனி பெயரைச் சொன்னார்.

என் கம்பெனி.
முதல் ஐந்து வருடத்துக்கு இருபத்தொரு நாள்,
பிறகு முப்பது நாள்,
மூன்று மாதக் கடன் பாக்கி போக:
நாலாயிரத்து நானூற்றுப் பதினேழாம் எண்.
முகம் இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.
முன்பற்களுக்கு நடுவே சின்ன இடைவெளி.

குனிந்து தண்ணீரில் விரல் நனைத்து
நாக்கில் வைத்துப் பார்த்தார்.
"உப்புதான்," என்றார், பரிசோதகர் மாதிரி.
"நீங்க எங்கக்கா வேல?"
"ஒரு ஆபீஸ்ல."
"நல்லது."

தேராப் பக்கம் இறங்கி
கரையோரம் இரண்டு பேருமே அவசரமில்லாமல் நடந்தோம்.
போசாசோ போகும் கப்பலுக்கு ஏற்ற
டயர், பேரீச்சை, பத்து குளிர்சாதனப் பெட்டி
ஒன்றன்மேல் ஒன்றாக.
அவர் நின்றுவிட்டார்.
"இந்த முடிச்சு தாங்காது பாத்துக்கிடுங்க.
ஒரு அலை அடிச்சா எல்லாம் கடல்ல."
கூப்பிட்டார். மாலுமிக்குத் தமிழும் தெரியாது, இந்தியும் தெரியாது.
அவரே அவிழ்த்தார்.
முழங்கையால் அளந்து, இரண்டு சுற்று,
உள்ளே விட்டு இழுத்து, காலால் மிதித்து இறுக்கிப்
பெட்டியை ஓர் அசைப்பு அசைத்தார்.
அசையவில்லை.
மாலுமி இரண்டு பேரீச்சை கொடுத்தான்.
ஒன்று என் கையில்.

சொல்லியிருக்கலாம்.
என்னவென்று?
கடனை நான் போடவில்லை, கழித்தது மட்டும்தான் நான் என்றா?
கொட்டையைத் துப்ப இடம் தேடுவதற்குள்
அவர் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று
கையசைத்துப் போய்விட்டார்.

அதன் பிறகும் ரொம்ப நேரம் அங்கேயே இருந்தேன்.
தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது; படிக்கட்டில்
ஈரத்தின் கோடு ஒரு படி மேலே வந்திருந்தது.
டீ வாங்கிச் சில்லறை மாற்றி
திரும்புகிற அப்ராவில்
இரண்டு நாணயம் நீட்டினேன்.

சிட்டகாங்காரர், வாயில் பாக்கு.
ஒன்றை எடுத்துக்கொண்டு
மற்றதை என் உள்ளங்கையிலேயே
திருப்பி வைத்தார்.