ராக்குகள் குளிர்காலம் கழிக்கும் இடம்

எங்கள் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்.
மசூரிய ஏரிகளில் கல்லுக்கடியில் கிடக்கும்
கொடுக்குள்ள அந்த உயிருக்கும்,
ஜெனோனின் கணையத்தில் இருப்பதற்கும்:
ராக்.

ஒல்ஷ்டின் மருத்துவமனையில் அந்த இளம் டாக்டர்
முதலில் 'மாற்றம்' என்றுதான் சொன்னார்.
கணையத்தின் தலைப்பகுதியில் ஒரு மாற்றம்.
பஸ் நேரம் மாறியதைச் சொல்வதுபோல.
தொப்பியை மடியில் சுற்றிக்கொண்டே இவர் கேட்டார்,
"ராக்கா?"
டாக்டர் பேனாவைப் பார்த்துத் தலையசைத்தார்.
"நாற்பது வருஷம் நான் அதைப் பிடித்தேன்.
ஒரு தரமாவது அது என்னைப் பிடிக்க வேண்டாமா?"
சிரிக்கலாமா என்று டாக்டருக்குத் தெரியவில்லை.
நான் சிரித்தேன்.
காரில் ஏறியதும் வாந்தி எடுத்தேன்.

அன்றிலிருந்து ஊருக்கே நாக்கு சுளுக்கிக்கொண்டது.
படகுத்துறை உணவகத்து போஜெனா
சனிக்கிழமைக்கு இரண்டு வாளி வேண்டும் என்பாள்,
இரண்டு வாளி என்ன என்று சொல்ல மாட்டாள்.
"அதுதான்... வெந்தால் சிவக்குமே, அது."
கரும்பலகையில் எழுதியிருந்த பெயரையும்
ஈரத்துணியால் துடைத்துவிட்டாள்.
இவர் போய்ச் சாக்பீஸ் வாங்கித்
தானே எழுதிவிட்டு வந்தார், விலையோடு,
கொட்டை எழுத்தில்.

வார்சாவிலிருந்து மருமகன் லெஷெக்:
"நீங்கள் ஒரு போராளி, அப்பா. ஜெயித்துவிடுவீர்கள்."
போனை என் கையில் திணித்தார் இவர்.
"பட்டாளத்தில் இரண்டு வருஷமும்
உருளைக்கிழங்கு உரித்தவன் நான். அவனிடம் சொல்."
பாதிரியார் சிலுவை என்றார்.
பக்கத்து வீட்டு ஹலினா,
தன் அண்ணிக்கும் இதேதான், பீட்ரூட் சாறு குடித்து,
என்று ஆரம்பித்து,
அண்ணி என்ன ஆனாள் என்பதை விட்டுவிட்டு
பீட்ரூட்டை மட்டும் வைத்துவிட்டுப் போனாள்.
வாசலில் பூட்ஸைக் கழற்றத் தெரிந்தவர்களுக்கு
கொண்டுவந்த சொற்களையும் அங்கேயே விடத் தெரிந்திருக்கலாம்.

நான் மட்டும் யோக்கியமா?
மகளிடம் 'வயிறு' என்கிறேன்.
மருந்துக்கடையில் 'அவருக்கு' என்கிறேன்.
ராத்திரி இவர் முதுகைத் தேய்த்துவிடும்போது
ஒன்றுமே சொல்வதில்லை.

அக்டோபரில் இன்னொரு சொல் வந்தது.
பந்தை வேலிக்கு அந்தப்பக்கம் எறிந்தால்
பிள்ளைகள் சொல்வார்களே, ஏறக்குறைய அதே சொல்.
ஈரலில் மூன்று எறிவுகள்.
"யார் எறிந்தது?" என்றேன்.
வாயிலிருந்து வந்துவிட்டது.
டாக்டர் பதில் சொல்லாமல்
என் பக்கமாகத் தண்ணீர்க் கோப்பையை நகர்த்தினார்.

தேவாலயத்துச் சுவரில் சாவு அறிவிப்புகள் ஒட்டுவார்கள்,
கறுப்புக் கரை வைத்து.
நீண்ட, கடுமையான நோய்க்குப் பின்.
யாருக்கும் எந்த நோய் என்று இருக்காது.
இவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எல்லாம் படித்தார்.
"எனக்கு 'நீண்ட' போடாதே. மார்ச்சில்தானே தெரிந்தது.
'போராடி' என்றும் வேண்டாம்."
"வேறென்ன போட?"
"பெயர் போடு. பிறகு அதன் பெயர் போடு.
இரண்டு பேரும் இந்த ஊர்க்காரர்கள்தானே."

எங்கள் ஊரில் சண்டைக்கு வருகிறவன் மிரட்டுவான்:
ராக்குகள் எங்கே குளிர்காலம் கழிக்கும் என்று
உனக்குக் காட்டுகிறேன் பார்.
மிரட்டுகிற ஒருவனுக்கும் அந்த இடம் தெரியாது.
இவருக்குத் தெரியும்.

நவம்பரில், ஏரியின் ஓரம் உறையத் தொடங்கிய அன்று,
கோட்டுக்கு மேல் கோட்டுப் போட்டுக்கொண்டு
வா காட்டுகிறேன் என்றார்.
பாதி உடம்பை என் தோளில் சாய்த்து நடந்தார்.
பாதி என்பது இப்போது ஒன்றுமேயில்லை.
ஆல்டர் மரம் தண்ணீருக்குள் வேர்விட்டிருக்கும் இடத்தில்
தடியால் பனித்தகட்டைக் குத்தி உடைத்தார்.
"அந்த வேருக்குக் கீழே, பொந்துக்குள்.
ஒன்றும் செய்யாது. சும்மா இருக்கும்."

குனிந்தேன்.
கறுப்பாகத் தண்ணீர்,
அதில் மிதந்த பனிச்சில்லு, என் தலைத்துணி.

"தெரிகிறதா, லெயோகாஜியா?"

தெரிகிறது என்றேன்.