குறிப்பு

ரயில்வே கொடுத்த பதிவேட்டில் ஆறு கட்டம்.
வண்டி எண். தகவல் வந்தது. கேட் சாத்தியது.
வண்டி கடந்தது. கேட் திறந்தது.
கடைசிக் கட்டத்துக்குக் குறிப்பு என்று பேர்,
அகலம் என் சுண்டுவிரல்.
காருகுறிச்சிக்கு மேற்கே, வாழைக்கும் வாய்க்காலுக்கும் நடுவில்
பதினோரு வருஷமாக அதில்
இல்லை, இல்லை என்று எழுதி வருகிறேன்.

இருந்ததையெல்லாம் வேறு இடத்தில் எழுதினேன்.
நாள்காட்டியில் கிழித்த தாளின் முதுகில்.
ராகுகாலமும் எமகண்டமும் அடியிலிருந்து லேசாகத் தெரியும்,
அதன் மேலேயே.
ஒரு பிஸ்கட் டின் நிறைந்தது. பிறகு இன்னொன்று.
யாருக்கு என்று கேட்டால் பதில் இல்லை.
யாரும் கேட்காதது ஒரு சௌகரியம்.

கரும்பலகை வாங்கி இரண்டு வருஷம்.
வீரவநல்லூரில் ஒரு டியூஷன் சென்டரை மூடியபோது
பழைய இரும்புக் கடைக்கு வந்தது, நூற்றிருபது ரூபாய்.
மூலையில் யாரோ போட்ட வகுத்தல் கணக்கு
எதற்கும் அழியவில்லை.
கொண்டுவந்த அன்றே சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன்.
இரண்டு ஐப்பசி நனைந்து
சாக்பீஸ் எல்லாம் ஒரே கட்டியாகிவிட்டது.

காரணம் இல்லாமலா?
எனக்கு ல, ள, ழ மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்,
ஒன்றைக் கூப்பிட்டால் இன்னொன்று வரும்.
டிராலியில் அதிகாரி வந்தால் என்ன சொல்ல?
அடுத்த தெருவில் நாத்தனார் வேறு.
'கேட்டுக்காரிக்கு வந்த கிறுக்கப் பாரு'
இதை அவர்கள் குரலில்
நானே எனக்குப் பலமுறை சொல்லிப் பார்த்தேன்,
நன்றாகவே வந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சிக்னல் கிடைக்காமல்
வண்டி தூரத்திலேயே நின்றுகொண்டது. இருபத்திரண்டு நிமிஷம்.
பீடி கொடுத்துவிட்டுத் திரும்பிய முப்பிடாதி
கூடையை இறக்கிவைத்து ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.
"எப்பப் பாத்தாலும் என்னத்தட்டி எழுதுத?"
"கணக்கு" என்றேன்.
"ரயிலுக்கு அம்புட்டுக் கணக்கா?"
கேட் திறந்தது. போய்விட்டாள்.

கணக்கு.
ராத்திரி முழுக்கப் பல்லிடுக்கில் முருங்கை நார்.
களவாண்டு மாட்டினவள் மாதிரி
ஏன் அப்படிச் சொன்னேன்?

விடியக்கருக்கலில் பலகையை
வேலிக் கம்பியில் வாழைநாரால் கட்டினேன்.
கட்டியை உடைத்தேன். கை நடுங்கியது,
எழுத்து பெரிசு சிறிசாக விழுந்தது.

*ராத்திரி பத்தேகாலுக்கு ஒரு வயல் நண்டு
தண்டவாலம் கடந்தது.
வண்டிக்கு நாலு நிமிஷம் இருந்தது.
டார்ச் அடித்தேன். நின்றுவிட்டது.
அணைத்தேன். போனது.*

ஆறு ஐம்பதுக்குக் கேட்டைச் சாத்திவிட்டு
கொடியும் கையுமாக உள்ளே போய் நின்றுகொண்டேன்.
வாழைத்தார் லாரியின் கிளீனர் எழுத்துக்கூட்டி வாசித்தான்.
"நண்டுக்கெல்லாமா போர்டு?" யாரோ சிரித்தார்கள்.
இரண்டு பேர் போனிலிருந்து தலையே தூக்கவில்லை.
பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்து
எச்சில் தொட்டு ல-வை அழித்தான்,
கீழே கிடந்த துண்டால் ள போட்டான்,
ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனான்.
சுருக்கென்றது எனக்கு.
என்றாலும் அந்த ள அழகாகத்தான் இருந்தது.

முப்பிடாதி இலை வாங்கப் போகிறவள்.
மேலிருந்து கீழ்வரை வாசித்தாள். மறுபடி வாசித்தாள்.
"எங்கேருந்து எங்க போச்சு?"
அதை நான் எழுதவில்லை.
"வாய்க்கால்லேருந்து வயலுக்கு."
"அப்பம் மடையத் தொறந்துட்டாம்னு சொல்லு"
என்று கூடையை இடுப்பில் ஏற்றினாள்.
என் நண்டுக்குள் அப்படி ஒரு சேதி இருந்தது
எனக்கே தெரியாது.

பணி மாற்றும் முன் பதிவேட்டை நிரப்பினேன்.
கடைசிக் கட்டத்தில் கை பழக்கமாக 'இ' போட்டுவிட்டது.
அடித்தல் திருத்தல் கூடாது, அது விதி.
'இருக்கிறது' என்று முடித்தேன்,
கடைசி இரண்டு எழுத்து கோட்டைத் தாண்டி.

இன்றைக்குச் சேரன்மாதேவியிலிருந்து மணி அடிக்கிறது.
கேட்டைச் சாத்த வேண்டும்.
பலகையில் வகுத்தல் கணக்கு மட்டும்தான்
இப்போதைக்கு.