குப்புற வைத்த தாள்

ஹைகோர்ட் கிளைக்கு வருகிறவர்கள்
ஒத்தக்கடையில் இறங்கி
என்னிடம்தான் நகல் எடுப்பார்கள்.
பக்கம் இரண்டு ரூபாய்.
தாளைக் குப்புற வைத்து எடுப்பது
மெஷினின் ஏற்பாடு.
படிக்காமல் எடுப்பது
என் ஏற்பாடு.

அன்றைக்குக் கண் தவறிவிட்டது.
தேதி, முகாம், இரவுக் காவல் முறை,
அதற்குக் கீழே ஒரு வரி
எழுதி, அடித்து,
மேலே எழுதி, அதையும் அடித்து.
அந்த வரியை எனக்குத் தெரியும்.
பதினெட்டு வருஷத்துக்கு முந்தி
வடக்கே ஒரு ராணுவ ஆஸ்பத்திரியின் நர்ஸ் குவார்ட்டர்ஸில்
என் பேனா முனை உடைந்ததும்
அந்த வரியில்தான்.

முத்துராக்கு.
மேலூருக்குக் கிழக்கே ஊர்.
ஆறு வருஷ சர்வீஸ்.
சுடிதாருக்குக் கீழே
இன்னும் அந்தக் கறுப்பு ஷூ.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
மூணு பிரதி போதுமா என்றேன்.
"அஞ்சு எடுங்க.
போன தடவை குடுத்தது
அவங்க மேசையிலேயே காணாமப் போச்சு."

ஐந்து எடுத்தேன்.
ஆறாவதாக ஒன்றும் எடுத்து
உறையில் போட்டு ஒட்டி
ஒட்டிய இடத்தில் அவளையே கையெழுத்துப் போடச் சொன்னேன்.
பெட்டி என்கிட்ட இருக்கும்,
சாவி உன்கிட்ட.
அப்போதுதான்
முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

ஊரில் கேட்கிறார்களாம்:
லீவா, நின்னுட்டியா?
பென்ஷன் வருமா?
துப்பாக்கி வச்சிருந்த பிள்ளைய
எப்படிம்மா ஒருத்தன்?
எப்படியென்றால்,
புகாரை வாங்கி வைக்கிற மேசையும்
அவன் உட்கார்ந்து சாப்பிடுகிற மேசையும்
ஒரே தச்சன் செய்தது.
இதை ஊருக்குச் சொல்லவில்லை.
அவளிடம் மட்டும் சொன்னேன்.
"ஆமா, ஒரே வார்னிஷ்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில்
ஷட்டரைப் பாதி இறக்கி வைப்பேன்.
முழுக்க இறக்கினால் அவளுக்கு மூச்சு முட்டும்.
முழுக்கத் திறந்தால் எனக்கு.
நாலு பிளாஸ்டிக் நாற்காலி,
ஒரு ஃபிளாஸ்க் டீ.
சில வாரம் யாரும் வருவதில்லை.
நாங்கள் இருவரும் காலி உறைகளுக்குப்
பசை தடவிக்கொண்டிருப்போம்.

ஒச்சப்பன் அண்ணன் வந்தார்,
உசிலம்பட்டிப் பக்கம், ஓய்வுபெற்ற ஹவில்தார்,
முறுக்கிவிட்ட மீசை.
மகளுக்காக வருகிறார் என்று நினைத்தோம்.
மூன்று வாரம்
கேன்டீன் கோட்டாவைப் பற்றியே பேசினார்.
நாலாவது வாரம்
கிளாஸைத் தரையில் வைத்துவிட்டு
"எனக்கு அப்ப பத்தொம்பது வயசு" என்றார்.
அதற்கு மேல் வரவில்லை.
ஃபேன் சுற்றியது.
முத்துராக்கு எழுந்துபோய்
அவர் நாற்காலியை
வாசலைப் பார்க்கத் திருப்பிப் போட்டாள்.

முதுகுக்குப் பின்னால் கதவு இருந்தால்
எங்களால் டீ குடிக்க முடியாது.
மகள் இல்லை அவருக்கு.
பிறகுதான் தெரிந்தது.

நேற்று வாய்தா.
அடுத்தது பங்குனியில்.
அடித்த வரியைச் சுத்தமாகத் திருத்தி
டைப் செய்து தரச் சொன்னார் வக்கீல்.
முத்துராக்கு மாட்டேன் என்றாள்.
"அப்படித்தான் எழுத முடிஞ்சுது.
அப்படியே போகட்டும், அவங்களும் தடுக்கி விழட்டும்."

கடைக்கு எதிரே யானைமலை.
புதிதாய் வருகிற ஜூனியர்கள்
இப்பவே எந்திரிச்சிரும் போல இருக்குல்ல
என்று போன் எடுத்துப் படம் பிடிப்பார்கள்.
எனக்கு ஒருநாளும் அப்படித் தோன்றியதில்லை.
படுத்திருக்கிறது.
படுத்திருக்கவும் அதற்குப் பாத்தியதை உண்டு.

மத்தியானம் மெஷினில் தாள் சிக்கிக்கொண்டது.
இழுத்தால் கிழியும் என்று பயந்து
நான் கையை எடுத்துவிட்டேன்.
அவள் மூடியைத் திறந்து
சூடு ஆறட்டும் என்று
கொஞ்ச நேரம் சும்மா நின்றாள்.
பிறகு இரண்டு விரலால் உருவினாள்.
கசங்கியிருந்தது.
படிக்க முடிந்தது.
யாரோ ஒருவருடைய பட்டா.