இரண்டு நாள் தண்ணீருக்குள்

வேலை முடிந்து சப்பாத்துக் கழற்றும்போது கண்டேன்
மாப்பேணியில் நட்ட அழுகண்ணியில்
அழுக்கணவன்.
இலைநுனியின் பசைத்துளிக்கு எட்டாமல்
பூந்தண்டின் கழுத்தில், பச்சையாய், கூட்டமாய்.
பூச்சி தின்னும் செடியைப் பூச்சி தின்கிறது.
சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

ஒட்டுசுட்டான் கடையில் மடுத்தீன் அண்ணை
கிருமிநாசினிப் போத்தலை நீட்டினார்:
"ஒரு மூடி காணும். எல்லாம் சரி."
எல்லாம் என்றால்
பேணிக்கடியில் குடியிருக்கும் தேரையுமா,
கொடிக்கம்பியில் வந்து குந்தும் தும்பியுமா?

நான் கண்ணிவெடி எடுக்கிறவள்.
முட்டுக்காலில் நின்று, அங்குலம் அங்குலமாய்,
எடுக்கவேண்டியதை மட்டும் எடுக்கிற கை.
இந்தச் செடியையும் அப்படித்தான் கண்டேன்,
சிவப்புத் தடிக்கு இந்தப்பக்கம், ஈரமணலில்.

வாளியில் மழைத்தண்ணீர்.
பேணியோடு அமிழ்த்தினேன்,
மெல்ல, மணல் கலையாமல்.

முதல்நாள் குமிழிகள்.
இரண்டாம்நாள் அழுக்கணவன் மிதந்தது, தவிடுபோல.
அள்ளி வேலிக்கரையில் ஊற்றினேன்;
எறும்புகளுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

செடி வெளியே வந்தது
பசையெல்லாம் கழுவுப்பட்டு,
அழாத கண்ணோடு.

ஐந்தாம்நாள் ஒரு துளி.
ஆறாம்நாள் அதில் ஒரு நுளம்பு.
தேரை பேணிக்கடியிலிருந்து என்னைப் பார்த்தது,
தன் பங்கை யாரோ எடுத்ததுபோல.